கையெழுத்துப் போட மறுத்த தாய்

சான்பிரான்சிஸ்கோ, அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள பெரிய பட்டணம். 1955-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ந் தேதி அங்கே ஓர் ஆண் குழந்தை பிறந்தது.

பெற்றவள் பெயர் ஜோஆன். கல்லூரியில் படித்தவள். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

குழந்தையின் தகப்பன் பெயர் ஜந்தாலி. சிரியா நாட்டுக்காரர். அமெரிக்காவில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர். அங்கேதான் இருவரும் பழகினார்கள். காதலித்தார்கள்.

ஜோஆன் கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். ஜந்தாலியோ முஸ்லிம். பெண்ணைப் பெற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பையனைக் கட்டிக்கொண்டால் மகளே இல்லை என்று தள்ளிவிடுவதாக மிரட்டினார். அப்போது அவர் நோயாளி. சாகக் கிடந்தார். அந்த நேரத்தில் அவரை எதிர்த்துக்கொண்டு போக மகளால் முடியவில்லை.

வயிற்றில் பிள்ளை. ஊரில் இருக்க முடியாது. என்ன செய்வாள்? தன்னந்தனியாகச் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பயணமானாள்.

அங்கே ஒரு டாக்டர் இருந்தார். இரக்கம் உள்ளவர். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான பெண்களுக்கு இடம் கொடுப்பார். பிரசவம் பார்ப்பார். குழந்தையை நல்ல குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்க ஏற்பாடும் செய்வார். அவரிடம் போய்ச் சேர்ந்தாள் ஜோஆன்.

குழந்தையைக் கொடுக்க அவள் சம்மதித்தாள். ஆனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என் பிள்ளையை வளர்ப்பவர்கள் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்களாக இருக்க வேண்டும் என்றாள்.

நடு இரவில் டெலிபோன்

டாக்டர் தேடினார். ஒரு வக்கீலும் அவர் மனைவியும் கிடைத்தார்கள். எல்லாம் பேசி முடிந்தது.

குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை! வக்கீல் தம்பதி மனம் மாறிவிட்டார்கள். தங்களுக்குப் பெண் குழந்தைதான் வேண்டும் என்று கை விரித்துவிட்டார்கள்.

பிறந்த பிள்ளைக்கு வீடு இல்லை. குழந்தை கேட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியலைப் புரட்டினார்கள். அதில் இன்னொரு தம்பதியின் பெயர் இருந்தது. பால், கிளாரா.

நடு இரவில் அந்த வீட்டில் டெலிபோன் மணி அடித்தது. எதிர்பாராமல் ஓர் ஆண் குழந்தை வந்திருக்கிறது, வேண்டுமா என்று கேட்டார்கள். கணவனும் மனைவியும் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. வேண்டும் என்றார்கள்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளாராவுக்கு ஒருமுறை கருக்குழாயில் கரு தங்கிவிட்டது. அதன் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. தொட்டில் வாங்க வேண்டும் என்ற ஆசை ஆசையாகவே இருந்தது. அந்த வீட்டுக்குக் குழந்தை வந்து சேர்ந்தது.

பட்டம் எங்கே?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

பால் மெக்கானிக் வேலை தெரிந்தவர். மோட்டார் என்றால் உயிர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். கடன் தவணை கட்டாதவர்களின் காரைத் திரும்பக் கொண்டுவரும் வேலை பார்த்தார். கிளாரா கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். அவரும் பட்டம் வாங்கவில்லை.

இந்தச் செய்தி ஜோஆனுக்குத் தெரிந்தது. அவள் திடுக்கிட்டாள். தத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

குழந்தை பாலின் வீட்டில் இருக்கிறது. கிளாரா பால் புகட்டுகிறார், தாலாட்டுகிறார். ஆனால் சட்டப்படி அது அவர்கள் குழந்தை அல்ல. நாட்கள் வாரங்களாயின. கையெழுத்து விழவில்லை.

ஜோஆனின் மனத்தில் இன்னொரு எண்ணமும் இருந்தது. தகப்பனார் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிய பிறகு ஜந்தாலியைக் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நம்பினாள்.

அந்த நாட்களில் கிளாரா பட்ட பாடு என்ன? பல ஆண்டுகள் கழித்து அவரே அதைச் சொன்னார். அந்தப் பிள்ளை வளர்ந்து வாலிபனான பிறகு, அவனுடைய தோழி ஒருத்தியிடம் மனம் திறந்தார். முதல் ஆறு மாதம் குழந்தையிடம் அன்பு வைக்கவே பயந்தாராம்! எப்போது வந்து பிடுங்கிக்கொண்டு போவார்களோ என்ற நடுக்கமாம். இதை அந்தத் தோழி பின்னால் எழுதிய நூலில் குறித்திருக்கிறார்.

கடைசியில் பாலும் கிளாராவும் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். இந்தப் பையனைக் கட்டாயம் கல்லூரிக்கு அனுப்புவோம், அதற்காகப் பணம் சேர்த்து வைப்போம் என்றார்கள். அதன் பிறகே ஜோஆன் கையெழுத்துப் போட்டாள்.

விதியைப் பாருங்கள்! அந்த 1955-ம் ஆண்டு ஆகஸ்டிலேயே ஜோஆனின் தகப்பனார் இறந்து போனார். ஆண்டு முடிவதற்குள் ஜோஆனும் ஜந்தாலியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆனால் பத்திரம் முடிந்துவிட்டது. மகன் இன்னொரு வீட்டு மகன் ஆகிவிட்டான்.

அந்தக் குழந்தை யார்?

அவர்தான் ஸ்டீவ் ஜாப்ஸ். 1976-ல் நண்பர்களோடு சேர்ந்து ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியைத் தொடங்கியவர். உலகமே அறிந்த பெரும் பணக்காரர். 2011-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி காலமானார். கல்லூரி நிபந்தனைக் கதையை 2005-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக விழாவில் அவரே சொன்னார். மற்ற விவரங்கள் பலவும் வால்ட்டர் ஐசக்சன் எழுதி 2011-ல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்றில் உள்ளன.

எதிர் வீட்டுச் சிறுமி

பாலும் கிளாராவும் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார்கள். தத்து என்பதைப் பிள்ளையிடம் மறைக்கவில்லை. சிறு வயதிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஸ்டீவுக்கு ஆறு ஏழு வயது இருக்கும். எதிர் வீட்டுச் சிறுமியிடம் பேச்சு வாக்கில் இதைச் சொன்னான். அப்படியானால் உன்னைப் பெற்றவர்களுக்கு நீ வேண்டாமா என்று அவள் கேட்டுவிட்டாள். குழந்தை கேட்ட கேள்விதான். ஆனால் இடி விழுந்தது போல் ஆயிற்று. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான்.

பாலும் கிளாராவும் அவனை நிறுத்தி, கண்ணுக்கு நேராகப் பார்த்தார்கள். நாங்கள் உன்னைத் தேர்ந்தெடுத்தோம் என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னார்கள். அந்தச் சொல் அவர் உள்ளத்தில் கடைசி வரை நின்றது.

கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார்கள். 1972-ல் அவரை ரீட் கல்லூரியில் சேர்த்தார்கள். செலவு மிகுந்த கல்லூரி. சேமித்த பணம் கரைந்தது. ஆறு மாதத்தில் ஸ்டீவ் படிப்பை நிறுத்திவிட்டார். பெற்றோரின் ஆயுள் சேமிப்பு வீணாகிறதே என்ற எண்ணமும் அதற்கு ஒரு காரணம்!

பூட்டி வைத்த காகிதம்

தன்னைப் பெற்றவள் யார்? எங்கே இருக்கிறாள்? இந்தக் கேள்வி ஸ்டீவின் மனத்தைக் குடைந்தது. ஆனால் எங்கே போய்க் கேட்பது?

அந்தக் காலத்து அமெரிக்க முறையை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தை பிறந்ததும் பெற்றவள் பெயரோடு ஒரு பிறப்புப் பத்திரம் எழுதுவார்கள். கோர்ட்டில் தத்து முடிந்ததும் புதிதாக ஒரு பத்திரம் எழுதுவார்கள். அதில் பெற்றவள் பெயர் இருக்காது. வளர்ப்பவர்களே பெற்றவர்கள் என்பது போல அவர்கள் பெயர் இருக்கும். பழைய பத்திரம் முத்திரை வைத்துப் பூட்டப்படும். பிள்ளை வளர்ந்து பெரியவனாகிக் கேட்டாலும் காட்ட மாட்டார்கள்.

ஏன் இப்படி? குழந்தைக்கு அவப்பெயர் வரக்கூடாது என்பது ஒன்று. பெற்றவளின் மானத்தைக் காக்க வேண்டும் என்பது ஒன்று. பெற்றவள் திடீரென்று வாசலில் வந்து நிற்கக்கூடாது என்பது மற்றொன்று. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் பல லட்சம் இளம் பெண்கள் இப்படி வெளியூர் போய்ப் பிள்ளை பெற்று, வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். நடந்ததை மறந்துவிடு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பெற்றவளால் மறக்க முடியுமா?

டாக்டர் எழுதிய கடிதம்

ஸ்டீவ் துப்பறிபவர் ஒருவரை வைத்துத் தேடினார். பயன் இல்லை. பிறகு தன் பிறப்புப் பத்திரத்தில் பிரசவம் பார்த்த டாக்டரின் பெயர் இருப்பதைக் கவனித்தார். டெலிபோனில் கூப்பிட்டார். பழைய காகிதங்கள் எல்லாம் தீயில் எரிந்துவிட்டன என்றார் டாக்டர்.

அது பொய்!

டாக்டர் டெலிபோனை வைத்ததும் ஒரு கடிதம் எழுதினார். உறையில் போட்டு ஒட்டினார். நான் இறந்த பிறகு இதை ஸ்டீவ் ஜாப்சிடம் கொடுக்கவும் என்று மேலே எழுதி வைத்தார். கொஞ்ச காலத்தில் அவர் இறந்தார். அவருடைய மனைவி கடிதத்தை அனுப்பி வைத்தார். அதில் பெற்றவளின் பெயர் இருந்தது.

தேடியது கிடைத்துவிட்டது. ஸ்டீவ் உடனே ஓடினாரா? இல்லை.

வீட்டில் கிளாரா இருக்கிறாரே! தான் தேடுவது தெரிந்தால் அம்மாவின் மனம் புண்படுமே என்று ஸ்டீவ் தயங்கினார். தேடுவதையே அவர்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தார். 1986-ல் கிளாரா நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அதன் பிறகே ஸ்டீவ் தகப்பனாரிடம் விஷயத்தைச் சொன்னார். பால் கோபிக்கவில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிவிட்டார். இவ்வாறு ஐசக்சன் எழுதியிருக்கிறார்.

இந்த வீட்டில் உள்ளவர்கள் ஒருவரை ஒருவர் உயிராக நேசித்தார்கள். அந்த நேசமே வாயைக் கட்டிப் போட்டது. மகன் அம்மாவுக்காக மௌனமாக இருந்தான். தேவகியும் யசோதையும் ஒரே இடத்தில் நின்று பிள்ளையைப் பார்க்கும் காட்சி இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காமலே போயிற்று.

முப்பது ஆண்டுக் கண்ணீர்

ஜோஆன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இருந்தார். ஸ்டீவ் போய்ப் பார்த்தார். நீங்கள் நலமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ளவும், தன்னைப் பெற்றதற்கு நன்றி சொல்லவும் வந்ததாகச் சொன்னார்.

அந்த அம்மாள் அழுதார். மன்னித்துக்கொள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கையெழுத்துப் போடச் சொல்லித் தன்னை நெருக்கியதாகச் சொன்னார். புது வீட்டில் குழந்தை சந்தோஷமாக இருக்கிறான் என்று கேள்விப்பட்ட பிறகே சம்மதித்ததாகச் சொன்னார்.

ஸ்டீவ் அவரைத் தேற்றினார். தான் நன்றாகவே வளர்ந்ததாகச் சொன்னார். பின்னாளில் வீட்டு விசேஷங்களுக்கு அவரை அழைத்தார். வந்த போதெல்லாம் அந்த அம்மாள் கண் கலங்கியது உண்டு.

ஜோஆன் இன்னொரு செய்தியும் சொன்னார். ஸ்டீவுக்குக் கூடப்பிறந்த தங்கை ஒருத்தி இருக்கிறாள்! 1957-ல் பிறந்தவர். பெயர் மோனா சிம்ப்சன். நாவல் எழுதும் ஆசிரியை. அண்ணனும் தங்கையும் நியூயார்க்கில் சந்தித்தார்கள். அன்று முதல் கடைசி நாள் வரை இணை பிரியாமல் இருந்தார்கள்.

ஓட்டலில் குலுக்கிய கை

தகப்பன் கதை வேறு மாதிரி.

ஜோஆனும் ஜந்தாலியும் 1962-ல் விவாகரத்துச் செய்துகொண்டார்கள். தகப்பன் எங்கோ போய்விட்டார். மோனா தேடி, கலிபோர்னியாவில் சாக்ரமென்டோ என்ற ஊரில் அவரைக் கண்டுபிடித்தார்.

பேச்சுக்கு நடுவே ஜந்தாலி ஒரு பெருமை சொன்னார். முன்பு சான்ஹோசே பக்கத்தில் அவர் ஓர் ஓட்டல் நடத்தினாராம். பெரிய மனிதர்கள் எல்லாம் சாப்பிட வருவார்களாம். ஸ்டீவ் ஜாப்ஸ்கூட வந்திருக்கிறாராம்!

மோனாவுக்கு மூச்சு நின்றது. அவன் உங்கள் மகன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று ஸ்டீவ் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். மோனா விழுங்கிக்கொண்டார்.

பிறகு ஸ்டீவிடம் சொன்ன போது, அவருக்கும் அந்த ஓட்டல் நினைவுக்கு வந்தது. சொந்தக்காரரோடு கை குலுக்கியதும் நினைவுக்கு வந்தது. தகப்பனும் மகனும் கை குலுக்கினார்கள். யார் யார் என்று இருவருக்கும் தெரியாது. மகன் என்றும் தகப்பன் என்றும் அவர்கள் கடைசி வரை சந்திக்கவில்லை. மகனுக்கு விருப்பம் இல்லை.

பெற்றவளைப் பார்த்தார், கூடப்பிறந்தவளைப் பார்த்தார். அதனால் வளர்த்தவர்கள் மீது ஸ்டீவுக்கு அன்பு குறைந்ததா? துளியும் இல்லை. பாலையும் கிளாராவையும் வளர்ப்புப் பெற்றோர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். என் அப்பா அம்மா அவர்கள்தான் என்று அடித்துச் சொல்வார். கிளாரா ஆறு மாதம் பயந்தாரே, அந்தப் பயம் வீண் பயம் ஆயிற்று.

இரு தாய்கள் சந்திக்கும் முறை

இப்படிப்பட்ட கதைகளைப் பார்த்த சிலர், பூட்டு எதற்கு என்று கேட்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்சில் ஆனட் பாரன், ரூபன் பேனர் என்று இரண்டு சமூக ஊழியர்கள் இருந்தார்கள். பழைய முறையில் குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் வேலையையே செய்தவர்கள். பெற்றவர்களும் பிள்ளைகளும் பின்னால் படும் வேதனையை நேரில் பார்த்து மனம் மாறினார்கள். ஆர்தர் சோரோஸ்கி என்ற மனநல டாக்டரோடு சேர்ந்து 1976-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெற்றவர்களும் வளர்ப்பவர்களும் ஒருவரை ஒருவர் அறிந்தே தத்து நடக்கலாம் என்று அதில் சொன்னார்கள். அதற்குத் "திறந்த தத்து" என்று பெயர். இன்று அமெரிக்காவில் பச்சைக் குழந்தைகளைத் தத்து எடுக்கும் போது பெரும்பாலும் ஏதாவது ஒரு வகையில் இந்த முறைதான்.

அது எப்படி நடக்கிறது?

குழந்தை வேண்டும் தம்பதி முதலில் ஒரு தத்து நிலையத்திலோ வக்கீலிடமோ பதிவு செய்கிறார்கள். சமூக ஊழியர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். வருமானம் என்ன, உடம்பு எப்படி, வழக்கு ஏதாவது உண்டா என்று விசாரிக்கிறார்.

பிறகு தம்பதி தங்களைப் பற்றி எழுதி, படங்கள் ஒட்டி, ஓர் ஆல்பம் தயார் செய்கிறார்கள். பிள்ளையைக் கொடுக்க நினைக்கும் கர்ப்பிணி பல ஆல்பங்களைப் பார்க்கிறாள். தனக்குப் பிடித்த குடும்பத்தை அவளே தேர்ந்தெடுக்கிறாள். 1955-ல் ஜோஆனால் முடியாதது இதுதான். தன் பிள்ளை போகும் வீட்டை அவளால் பார்க்க முடியவில்லை.

அடுத்தது சந்திப்பு. இரு தரப்பும் உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்தத் தம்பதிக்கும் அன்று நெஞ்சு படபடக்கும். அவளுக்கு நம்மைப் பிடிக்குமா என்று இவர்களுக்குக் கவலை. இவர்கள் என் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்வார்களா என்று அவளுக்குக் கவலை. கேட்க வேண்டியதைக் கேட்கிறார்கள். குடும்பத்தில் சர்க்கரை வியாதி உண்டா, இருதய வியாதி உண்டா என்பது முதல், குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்பது வரை பேசுகிறார்கள். பின்னால் டாக்டர் கேட்கும் போது இந்த விவரங்கள் குழந்தைக்கு உதவும்.

ஆண்டுக்கு ஒரு கடிதமா, படம் அனுப்புவதா, நேரில் வந்து பார்ப்பதா என்றும் பேசி முடிவு செய்கிறார்கள்.

ஒன்று முக்கியம். குழந்தைக்கு விலை பேசக் கூடாது. பிரசவச் செலவு போன்றவற்றைச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் கொடுக்கலாம். அதற்கு மேல் பணம் கொடுத்துப் பிள்ளை வாங்கினால் அது குற்றம்.

வெறும் தொட்டில்

இதில் ஆபத்தே இல்லையா? உண்டு.

பிரசவத்துக்கு முன்னால் என்ன சொல்லியிருந்தாலும் அது தாயைக் கட்டுப்படுத்தாது. பிள்ளை முகத்தைப் பார்த்ததும் அவள் மனம் மாறலாம். நானே வளர்க்கிறேன் என்று சொல்லலாம். அது அவள் உரிமை. தொட்டில் வாங்கி, துணி தைத்து, பெயர் தேடிக் காத்திருந்த தம்பதி வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

கலிபோர்னியா மாநிலத்தில் பொதுவாகத் தாய் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த பிறகே கையெழுத்து வாங்கலாம். நிலையம் இல்லாமல் இரு தரப்பும் நேராகச் செய்யும் தத்தாக இருந்தால், கையெழுத்துப் போட்ட பிறகும் 30 நாட்கள் வரை அவள் மனம் மாற இடம் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு மாறும்.

இந்த 30 நாட்கள் வளர்ப்பவர்களுக்கு முள் மேல் இருப்பது போல. ஆனால் அந்தத் தவணை ஏன் இருக்கிறது என்பதை ஜோஆன் கதை சொல்லுகிறது. நெருக்கடியில் வாங்கிய கையெழுத்து ஆயுள் முழுவதும் உறுத்தும்.

தவணை முடிந்து, கோர்ட்டும் உத்தரவு போட்டுவிட்டால் பிள்ளை வளர்ப்பவர்களுடையது. அதன் பிறகு பெற்றவள் வந்து பார்க்கலாம். பிள்ளையைத் திருப்பிக் கேட்க முடியாது. வந்து பார்ப்பது பற்றி எழுத்தில் செய்த ஒப்பந்தத்தைக் கலிபோர்னியா கோர்ட்டு மதிக்கும். ஆனால் அந்த ஒப்பந்தம் மீறப்பட்டது என்பதற்காகத் தத்தையே ரத்து செய்யாது.

எல்லா வீட்டிலும் இது இனிமையாகப் போகிறது என்று சொல்ல முடியாது. சில இடங்களில் கடிதம் நின்று போகிறது. சில இடங்களில் பெற்றவள் வருவதாகச் சொல்லி வருவதில்லை. குழந்தை வாசலைப் பார்த்து ஏமாந்து போகிறது.

பயம் உண்மையா?

பெற்றவளைத் தெரிந்துகொண்டால் பிள்ளை அவள் பக்கம் போய்விடாதா? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான்.

ஹெரால்டு குரோட்டவன்ட், ரூத் மெக்ராய் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1980-களில் இதை ஆராயத் தொடங்கினார்கள். தத்து எடுத்த 190 குடும்பங்களையும், பிள்ளையைக் கொடுத்த 169 தாய்மார்களையும் விசாரித்தார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்தார்கள்.

என்ன தெரிந்தது? பெற்றவளோடு பழகும் குடும்பங்களில், பிள்ளையைத் திரும்பக் கேட்பாளோ என்ற பயம் குறைவாக இருந்தது. அவளை அறியாத குடும்பங்களில்தான் அந்தப் பயம் கூடுதலாக இருந்தது! முகம் தெரியாதவள் பூதமாகத் தெரிகிறாள். முகம் தெரிந்தவள் மனுஷியாகத் தெரிகிறாள்.

பெற்றவர்களுக்கும் ஆறுதல் கிடைத்தது. பிள்ளை எங்கே எப்படி இருக்கிறது என்று அறிந்த தாய்மார்கள், அறியாதவர்களைவிடத் துக்கத்தை நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள்.

பூட்டு உடைகிறது

பழைய பூட்டுகளும் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. கான்சாஸ், அலாஸ்கா என்ற இரு மாநிலங்கள் என்றுமே பூட்டியதில்லை. ஆரிகன் மாநிலத்தில் 1998-ல் மக்களே ஓட்டுப் போட்டு, வயது வந்த தத்துப் பிள்ளைகளுக்குப் பழைய பிறப்புப் பத்திரம் கிடைக்க வழி செய்தார்கள். நியூயார்க் மாநிலம் 2020-ல் திறந்தது. ஸ்டீவ் பிறந்த கலிபோர்னியாவில் இன்னமும் கோர்ட்டு உத்தரவு வேண்டும்.

விஞ்ஞானம் சட்டத்தை முந்திவிட்டது. இப்போது எச்சிலைக் குழாயில் எடுத்துத் தபாலில் அனுப்பினால், மரபணுவைச் சோதித்து இன்னார் உங்கள் உறவு என்று சொல்லிவிடுகிறார்கள். அறுபது வயதில் அண்ணனைக் கண்டவர்கள் உண்டு. எந்த டாக்டரும் காகிதம் எரிந்துவிட்டது என்று இனிச் சொல்லி முடியாது.

தத்து எடுத்த வீடு எந்த ஊரில் இருந்தாலும், ஒரு நாள் குழந்தை கேட்கத்தான் செய்யும். நான் யார் வயிற்றில் பிறந்தேன் என்று கேட்கும். எதிர் வீட்டுச் சிறுமி சொல்லித் தெரிவதைவிட, அம்மா மடியில் உட்கார்ந்து தெரிவது நல்லது. பேச்சு வருவதற்கு முன்பே கதை போலச் சொல்லத் தொடங்கலாம். பெற்றவளைப் பற்றி ஓர் இழிசொல்லும் சொல்லாமல் சொல்ல வேண்டும். அவளைக் குறைத்தால், அவள் வயிற்றில் பிறந்த பிள்ளையும் தன்னைக் குறைவாக நினைக்கும்.

பாலும் கிளாராவும் படிக்காதவர்கள். ஆனால் இதை அறிந்திருந்தார்கள். பட்டம் இல்லை என்பதற்காகக் கையெழுத்துப் போட மறுத்த தாய் அதை அன்றைக்கே நேரில் பார்த்திருந்தால், அவ்வளவு நாள் அழுதிருக்க மாட்டாள்.